பிப்ரவரி 28: மேடையும் பொன்னாடையும் இல்லாமல் ஓர் அறிவியல் நாள் நடத்த யோசனை வேண்டும்

கிளைநூலகம் | பிப்ரவரி 2

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ராமன் விளைவு கண்டுபிடித்ததைக் கொண்டாடும் தேசிய அறிவியல் நாளை ஒட்டி வாசகர் வட்டம் சார்பில் ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். இந்த வருடம் 28ஆம் தேதி சனிக்கிழமை. பிள்ளைகளுக்கும் விடுமுறை, நூலகமும் திறந்திருக்கும். என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. எதைச் செய்யக்கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும், அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

போன வருடம் பக்கத்தில் ஒரு விழாவுக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அழைப்பிதழில் பத்து மணி. சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றே முக்கால். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. சாமியானாவுக்குள் இடமில்லாத பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். கண்காட்சி அறையைத் திறந்தபோது ஒரு மணி. உள்ளே தெர்மாகோல் எரிமலை மட்டும் ஐந்து. ஒரு பையன் காற்றாலை மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதனால் ஆசையாகக் கேட்டேன்: "காற்று நின்றுபோனால் கரண்டுக்கு என்ன செய்வார்கள்?" அவன் பக்கத்தில் நின்ற பையனைக் காட்டி, "அதை இவன் சொல்லுவான் மேடம், எனக்கு ரெண்டாவது பாராவரைக்கும்தான்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு படிப்பறை, முன்னால் முற்றம், மூன்று மேசை, ஒரு மொட்டைமாடி. ஒன்பது முதல் பதினைந்து வயது வரை முப்பது பிள்ளைகள் வரலாம். காலையில் பத்திரிகை படிக்க வரும் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களையும் எப்படியாவது உள்ளே இழுக்க வேண்டும். ஆய்வகம் கிடையாது. பணமும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராமன் விளைவைச் செய்தே காட்டலாம், லேசர் லைட்டும் எண்ணெயும் போதும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது நன்றாக இருக்குமா?

ப்ளஸ்டூ_இயற்பியல் | பிப்ரவரி 2

மேடம், அந்தக் காணொளியை மட்டும் மறந்துவிடுங்கள். பதினெட்டு வருடமாக இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பச்சை லேசரை ஆலிவ் எண்ணெயில் விட்டால் உள்ளே கதிர் ஆரஞ்சாகத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எண்ணெயில் மிச்சமிருக்கும் பச்சையம் செய்கிற வேலை. பச்சையம் லேசர் ஒளியை விழுங்கி, சிவப்பாக உமிழ்கிறது. பெயர் ஒளிர்தல், ஃப்ளோரசன்ஸ். தண்ணீரில் கொஞ்சம் பாலை விட்டு டார்ச் அடிப்பார்கள், பக்கவாட்டில் நீலச் சாயல் தெரியும். அதற்கும் "ராமன் விளைவு" என்று அட்டை எழுதி வைப்பார்கள். அதுவும் இல்லை. வானம் ஏன் நீலம் என்பதற்கு அது நல்ல விளக்கம், அவ்வளவுதான். அங்கே நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் சிதறுகிறது, ஆனால் எந்த ஒளியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. ராமன் கண்டது நிறம் மாறிச் சிதறும் ஒளி. திரவத்துக்குள் போகும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுக்குத்தான் அது நடக்கிறது. லேசர் பேனாவை வைத்து வெறும் கண்ணால் பிடிக்க முடியாது.

ஆனால் அவர் அதை எப்படிப் பிடித்தார் என்பதைச் சொல்லலாம், செய்தும் காட்டலாம். சூரிய ஒளியை ஒரு நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார். பார்க்கும் பக்கத்தில், அந்த நீல ஊதாவைத் துளியும் விடாத மஞ்சள் பச்சை வடிகட்டி. இரண்டும் சேர்ந்தால் இருட்டுதான் இருக்க வேண்டும். ஆனால் திரவத்திலிருந்து மங்கலாக ஒளி வந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது! ஏறக்குறைய அறுபது திரவங்களில் பார்த்ததாக 1928இல் எழுதினார்.

வண்ணக் கண்ணாடித் தாளில் சிவப்பையும் பச்சையையும் மும்மூன்று மடிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக டார்ச் முன்னால் பிடித்தால் ஒளி வரும், சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய இருட்டு. இதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டு, "இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டில் வைத்தேன், வெளிச்சம் வந்துவிட்டது. எங்கிருந்து?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். இந்த மங்கலான ஒளியை 1923லேயே கே. ஆர். ராமநாதன் பார்த்துவிட்டார். கல்கத்தாவில் ராமனோடு வேலை செய்தவர். திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதுதான் ஒளிர்கிறது என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார். ஒளி போகவில்லை. 1928இல் ராமனோடு வேலை செய்த கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களைச் சுத்தம் செய்துதான் பார்த்தார். அந்த ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் முனைவுற்று இருந்தது, அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் அதிர்ந்தன, சாதாரண ஒளிர்தல் அப்படி இருக்காது. அழுக்கு இல்லை என்று ஆனபிறகுதான் அது கண்டுபிடிப்பு ஆயிற்று. நம் மேடைகளில் "கடல் ஏன் நீலம் என்று யோசித்தார், நோபல் பரிசு வாங்கினார்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். அந்த யோசனைக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவில் ஏழு வருடம் இருக்கிறது.

லேசர் வேண்டவே வேண்டாம். முப்பது பிள்ளைகள், ஒரு லேசர், எப்படியும் யாராவது ஒருவர் கண்ணில் படும்.

மூணாம்_பெஞ்ச் | பிப்ரவரி 3

கல்லூரியில் படிக்கிறேன். பள்ளியில் ஐந்து கண்காட்சிகளில் நின்றவன், அந்தக் காற்றாலைப் பையன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன் மேடம். "சிறந்த மாதிரி"க்குப் பரிசு வைக்காதீர்கள். வைத்தால் மாதிரியை அப்பா செய்வார், பிள்ளை தூக்கிக்கொண்டு வரும். மேசைக்கு ஒரு பெரியவரை உட்கார வையுங்கள், ஆனால் அவர் விளக்கம் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். இது கேட்க எளிதாக இருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

நிழல்குச்சி | பிப்ரவரி 3

அக்கா, உங்கள் மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது பெங்களூரில். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாகர்கோவில் 77.4 பாகை கிழக்கு, பெங்களூர் 77.6. கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகை. நீங்கள் எனக்கு நேர் தெற்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு குச்சியை நட்டால் பூமியின் சுற்றளவை அளந்துவிடலாம்.

கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் எகிப்தில் செய்ததுதான். சியீன் நகரில் கோடை உச்சியில் கிணற்றின் அடிவரை வெயில் விழும், அதே நண்பகலில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் இருக்கும். அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. எனவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமி. நமக்குக் கிணறு வேண்டாம். இரண்டு ஊரிலும் நிழலை அளந்து, கோணங்களைக் கழித்தால் போதும்.

அன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 பாகையில் இருக்கும். ஒரு மீட்டர் குச்சிக்கு உங்கள் ஊரில் உச்சி நிழல் 29 செ.மீ. அளவில் வரும், எனக்கு 38 செ.மீ. ஒரு சாண் நிழலுக்கும் ஒன்றரைச் சாண் நிழலுக்கும் நடுவில் ஒரு பூமியே இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கும். பிள்ளைகளிடம் இந்த எண்களைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அதையே அளந்து காட்டிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியவை. உச்சி வேளை பன்னிரண்டு மணிக்கு வராது, 12.33க்குப் பக்கத்தில் வரும். இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே, பாகைக்கு நான்கு நிமிடம் என்று இருபது நிமிடம் ஆயிற்று. மிச்சம் பன்னிரண்டு சொச்சம் பூமியின் கணக்கு: அச்சு சாய்ந்திருக்கிறது, பாதையும் சரியான வட்டமாக இல்லை. எனவே 12.20க்கே தொடங்கி இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். நிழல் குறைந்து குறைந்து ஓர் இடத்தில் நின்று மறுபடி வளரும். அந்தக் குறைந்த அளவுதான் நமக்குத் தேவை. அது பன்னிரண்டு மணிக்கு வரவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். கட்டட வேலை செய்பவர் யாரையாவது பிடித்துத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குக்கு எடுக்க வேண்டிய தூரம் பேருந்துத் தூரம் இல்லை, வடக்கு தெற்காக நேர்க்கோட்டுத் தூரம். அது 532 கி.மீ.

இரண்டாவது யோசனை, பந்துக் கண்ணாடி. அறிவியல் இயக்கத்துக்காரர்கள் கிரகணத்துக்கெல்லாம் செய்வது. சின்ன முகக்கண்ணாடியின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் அரை செ.மீ. ஓட்டை போடுங்கள். அதை மணல் நிரப்பிய ஒரு ரப்பர் பந்தில் ஒட்டி, பந்தை ஒரு வளையத்தின் மேல் உட்கார வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம். முற்றத்து வெயிலில் வைத்து, இருட்டாக்கிய படிப்பறைச் சுவருக்கு ஒளியைத் திருப்புங்கள். ஓட்டை சதுரமாக இருந்தாலும் சுவரில் விழுவது வட்டம்தான். ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 107இல் ஒரு பங்கு அதன் குறுக்களவு. இருபது மீட்டர் தள்ளி வைத்தால் 19 செ.மீ. வரும். சூரியன் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டால், அது எவ்வளவு பெரிது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை வகுத்தலில் கண்டுபிடித்துவிடும். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, படத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டே நிமிடத்தில் சூரியன் கோட்டை விட்டு முழுசாக வெளியே போய்விடும். பூமி சுற்றுவதை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்படித்தான், அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று.

யாரும் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்கென்றே ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள்.

நத்தைப்பார்வை | பிப்ரவரி 4

இயற்பியல்காரர்கள் வெயிலை முழுக்க எடுத்துக்கொண்டார்கள், மேகம் வந்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? காகித நுண்ணோக்கி ஒன்று கிடைத்தால் குளத்துத் தண்ணீர் ஒரு மேசைக்குப் போதும். அறிவியலாளர் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது 140 மடங்கு பெரிதாக்கும். குளத்தில் தெளிந்த தண்ணீரை எடுக்காதீர்கள், பாசி படிந்த கல்லைச் சுரண்டி எடுங்கள். உயிர் அங்கேதான் இருக்கும். வாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுக்கும் சோதனையும் எளிதுதான், ஆனால் ஸ்பிரிட்டைச் சின்னப் பிள்ளைகள் நடுவில் வைக்க வேண்டும், எனக்கு அதில் விருப்பமில்லை. கிடைக்கும் வெள்ளைக் குழம்பில் புரதமும் கலந்திருக்கும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பே பிப்ரவரி 13 முதல் 16 வரை உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இணையத்தில் ஏற்றினால் போதும், அது உண்மையான தரவாகவே சேரும். மொட்டைமாடியிலேயே செய்யலாம். பத்திரிகைப் பெரியவர்களை அதற்குக் கூப்பிடுங்கள். குயிலையும் செண்பகத்தையும் குரலை வைத்தே பிரித்துச் சொல்ல அவர்களால் முடியும், நம் பிள்ளைகளால் முடியாது.

சாயங்காலம் இருக்க முடிந்தால் வானம் இருக்கிறது. அன்று நிலா முழுநிலவுக்கு மூன்று நாள் முந்தியது, ஆகவே மங்கலான விண்மீன்களுக்கு ஆசைப்பட வேண்டாம். வியாழன் உயரத்தில் பிரகாசமாக இருக்கும். பைனாகுலரைச் சுவரில் அசையாமல் சாய்த்துப் பார்த்தால் அதன் துணைக்கோள்கள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். தெற்கே எட்டு மணி வாக்கில் அகத்தியர் தெரியும், கானோபஸ் என்கிறார்களே, அதுதான். திருவாதிரை எது, ரோகிணி எது, கார்த்திகை எது என்று அதே பெரியவர்களைக் கேளுங்கள். பேர் தெரியும், ஜாதகம் சொல்வார்கள், ஆனால் வானத்தில் கைகாட்டத் தெரியாது என்பார்கள் சிலர். பேரன் கைகாட்டட்டும்.

கிளைநூலகம் | பிப்ரவரி 9

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய மாட்டேன். மூன்றுதான்: காலையில் வண்ணத்தாளும் பந்துக் கண்ணாடியும், உச்சியில் குச்சி. குளத்துத் தண்ணீரை மேகத்துக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன். நுண்ணோக்கியைப் பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் தருவதாகச் சொன்னார். வான் பார்ப்பதற்கு இரவு நூலகத்தைத் திறக்க அனுமதி வேண்டும், அதை அடுத்த வருடம் பார்ப்போம்.

ராமநாதன் கதை எனக்கே புதிது. எங்கள் நூலகத்தில் ராமனைப் பற்றி ஆறு புத்தகம் இருக்கிறது, ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.

நிழல்குச்சி தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊரில் அன்று மேகம் போட்டால்?

நிழல்குச்சி | பிப்ரவரி 9

அக்கா, 27ஆம் தேதியோ மார்ச் 1ஆம் தேதியோ அளந்து சரிக்கட்டலாம் என்று தோன்றும், வேண்டாம். இந்த மாதத்தில் சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.4 பாகை வடக்கே நகர்கிறது. நாம் அளக்கப் போவதே ஐந்து பாகைக்குள்தான், அதில் 0.4 பெரிய தப்பு. இரண்டு ஊரிலும் வெயில் அடிக்கும் ஒரு நாளுக்கு மொத்தமாகத் தள்ளிவைப்போம். அறிவியல் நாள் தாண்டினால் நிழல் விழாமல் போய்விடாது.

கிளைநூலகம் | மார்ச் 1

நடந்ததை எழுதிவிடுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தேழு பிள்ளைகள், பெரியவர்கள் பதினொரு பேர். ஊர்ப் பெரியவர் ஒருவர் பொன்னாடையோடு வந்துவிட்டார், யாருக்குப் போடுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேடையே இல்லை. கையில் கடிகாரம் கட்டியிருந்ததால் அவரை நேரம் சொல்பவராக நிறுத்தினோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, தேர்தல் முடிவு அறிவிப்பதைப் போல அறிவித்தார். பொன்னாடை கடைசியில் சன்னலை மறைக்கப் பயன்பட்டது, படிப்பறையில் அந்த ஒரு சன்னலுக்குத்தான் கறுப்புத் துணி போதவில்லை.

வண்ணத்தாள் மேசை சுமார்தான். எங்களுக்குக் கிடைத்த பச்சைத் தாள் மட்டம், மூன்று மடிப்பு வைத்தும் வெளிச்சம் கசிந்தது. "இருட்டா இல்லையே" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் சொன்னது சரி. ஐந்து மடிப்பாக்கினோம். ராமநாதன் மாதிரி அழுக்கைத் தேடுகிறோம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பந்துக் கண்ணாடிதான் எல்லோரையும் கட்டிப்போட்டது. கண்ணாடியிலிருந்து சுவர் 14 மீட்டர். படம் 13 செ.மீ. வந்தது. சார்ட்டில் கோடு போட்ட பையன், சூரியன் நகர நகரத் தாளை யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவனை அடித்துவிட்டான். இரண்டாம் தடவை தாளை நான்கு மூலையிலும் ஒட்டி, கைகட்டி நின்று பார்த்தான். அப்புறம் பேச்சே இல்லை. சூரியனின் குறுக்களவு 14 லட்சம் கி.மீ. என்று கணக்கு வந்தபோது, பூஜ்யங்களை எண்ணுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

குச்சிக்குத் தூக்குக்குண்டு தந்தவர் எங்கள் தெருக் கொத்தனார். கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தார். பிள்ளைகள் குச்சியை நட்ட லட்சணத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, முற்றம் கிழக்கே சரிந்திருக்கிறது என்று ஒரு பலகையைக் கீழே கொடுத்துச் சமப்படுத்தினார். முற்றத்தைப் போட்டது யார் என்று வேறு கேட்டார், நான் சொல்லவில்லை.

குறைந்த நிழல் 12.34க்கு, 29.3 செ.மீ. பெங்களூரிலிருந்து தொலைபேசியில் வந்தது 38.0. கோணங்கள் 16.33, 20.81. வித்தியாசம் 4.48 பாகை. 532ஐ 360ஆல் பெருக்கி 4.48ஆல் வகுத்தால் 42,750 கி.மீ. புத்தகத்தில் 40,000 என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம், தோற்றுவிட்ட மாதிரி முகம். "சூரியனுக்கு ஓரம் மங்கலா இருக்கு மேடம், நிழல் எங்க முடியுதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னாள். 29.3 என்பதே நான்கு பேர் சண்டைக்குப் பிறகு வந்த எண்.

கொத்தனார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் கலைந்தபிறகு தூக்குக்குண்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "டீச்சர், நான் இங்க குண்டு பிடிச்சுச் செவுரு வைக்கேன். பெங்களூர்லயும் ஒருத்தன் குண்டு பிடிச்சு வைக்கான். ரெண்டு பேருக்கும் நேர்தான். ஆனா இந்தக் கணக்குப்படி பார்த்தா ரெண்டு செவுரும் ஒண்ணுக்கொண்ணு சரிஞ்சுல்ல நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இங்கே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ப்ளஸ்டூ_இயற்பியல் | மார்ச் 1

நூற்றுக்கு ஏழு அளவுக்குப் பிழை. ஒரு குச்சியை வைத்துக்கொண்டு முதல் தடவையில் இது மிக நல்ல விடை, அதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னதுதான் காரணம். சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலம். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் முனை ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளத்துக்கு மங்கலாகத்தான் இருக்கும். இரண்டு ஊரிலும் மூன்று மில்லிமீட்டர் மாறினாலே இவ்வளவு பிழை வந்துவிடும். அடுத்த தடவை குச்சியின் தலையில் சின்ன ஓட்டை போட்ட அட்டையை ஒட்டிவிட்டு, நிழலுக்குள் விழும் ஒளிப்பொட்டின் நடுப்புள்ளியை அளக்கச் சொல்லுங்கள். குச்சியின் உயரத்தை ஓட்டைவரைக்கும் அளக்க வேண்டும்.

நிழல்குச்சி | மார்ச் 1

எனது 38.0உம் அப்படி ஒன்றும் சுத்தம் இல்லை, அக்கா. மாடியில் ரசமட்டம் வைக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

கொத்தனார் அண்ணனிடம் சொல்லுங்கள்: ஆமாம், சரிந்துதான் நிற்கும். உங்கள் ஊர்ச் சுவரும் என் ஊர்ச் சுவரும் உச்சிப் பக்கம் ஒன்றைவிட்டு ஒன்று, சரியாகச் சொன்னால், 4.8 பாகை விலகி நிற்கின்றன. நாம் நேற்று நிழலை வைத்துத் தேடியது அந்தக் கோணத்தைத்தான், அவர் குண்டை வைத்தே பிடித்துவிட்டார். பெரிய பாலம் கட்டுபவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கிறார்கள். இங்கிலாந்தில் 1981இல் திறந்த ஹம்பர் பாலத்தின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் 1,410 மீட்டர். இரண்டுமே செங்குத்து, ஆனால் உச்சியில் அடியைவிட 36 மி.மீ. கூடுதலாக விலகி நிற்கின்றன.

அடுத்த சனிக்கிழமை ஓட்டை அட்டையோடு மறுபடி அளப்போமா? அவரையும் கூப்பிடுங்கள். நான் இங்கே ஒரு ரசமட்டம் தேடுகிறேன்.